தாத்தா பெட்டியைச் சரி செய்வதா, புது டர்ன்டேபிள் வாங்குவதா?

உறையூர்க்காரன் | சனி, இரவு 9:40

வணக்கம். தாத்தா போய் இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் பரணைக் காலி செய்தபோது அவருடைய ரெக்கார்டு ப்ளேயரும் ஒரு தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டுகளும் கிடைத்தன. ப்ளேயர் எழுபதுகளில் வாங்கியது, சூட்கேஸ் மாதிரி மூடுகிற வகை. கரண்ட் கொடுத்தால் தட்டு சுற்றுகிறது. முள்ளை வைத்தால் கொசு முனகுவது போல ஏதோ கேட்கிறது, அவ்வளவுதான். இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) போய்விட்டது, இதற்கு இப்போது சாமான் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்.

அப்பாவின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) நன்றாகவே இருக்கிறது. பின்னால் ரெக்கார்டு ப்ளேயரை இணைக்க 'போனோ' என்று ஒரு இன்புட்டும் உண்டு. ஸ்பீக்கருக்கும் குறையில்லை. 40,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். பெட்டியையே சரி செய்யலாமா, ஆன்லைனில் நல்ல பழைய டர்ன்டேபிள் ஒன்று தேடலாமா, இல்லை புதிதாக வாங்கிவிடலாமா? வீட்டில் உட்கார்ந்து கேட்கத்தான். பாட்டிக்கு 84 வயது, அவருக்கும் கேட்க வேண்டும்.

குவார்ட்ஸ் (கோவை) | சனி, இரவு 10:15

புதிது வாங்குங்கள். பழைய இயந்திரத்தின் மேல் எல்லோருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. ஐம்பது வருடத்தில் ரப்பர் இறுகிப்போகும், கிரீஸ் மெழுகாகிவிடும், கெபாசிட்டர் காய்ந்துவிடும். நடுவில் எத்தனை பேர் அதைத் திறந்து நோண்டினார்கள் என்று தெரியாது. இன்றைய டர்ன்டேபிளில் பெட்டியைப் பிரித்த அன்றே பாட்டு கேட்கலாம், ஏதாவது ஆனால் வாரண்டி உண்டு.

ஒரே எச்சரிக்கை: பழைய மோஸ்தரில் சூட்கேஸ் மாதிரி வருகிற புது ப்ளேயர்களைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பது உங்கள் தாத்தா பெட்டியின் பேரன்தான். மலிவான செராமிக் கார்ட்ரிட்ஜ், ரெக்கார்டின் மேல் முள்ளுக்குப் பெரும்பாலும் 5 கிராம் வாக்கில் அழுத்தம். ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் அந்த அதிர்வு முள்ளுக்கே திரும்பி வரும். காந்தத்தில் வேலை செய்கிற நல்ல மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் 2 கிராமில் ஓடிவிடும்.

வால்வு_ரசிகன் | சனி, இரவு 11:02

குவார்ட்ஸ் அண்ணா சொல்வார், ஆனால் அவர் வீட்டில் இருப்பது 1980களின் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2. ஊருக்கு உபதேசம்!

என்னிடம் இருப்பது கேரர்ட் 401. இங்கிலாந்தில் ஸ்விண்டனில் செய்தது, 1965இல் வந்த மாடல். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம், அதுதான் தட்டைத் தள்ளுகிறது. மிருதங்கத்தின் தொப்பி அடி அதில் விழும்போது நெஞ்சில் விழும். புது டர்ன்டேபிள்களில் சுத்தம் இருக்கிறது, உயிர் இல்லை. அந்தக் கதகதப்பு வராது.

குவார்ட்ஸ் | ஞாயிறு, காலை 6:50

ஆமாம், நான் வைத்திருப்பது பழையதுதான், மறைக்கவில்லை. ஆனால் அது வேறு ஜாதி. பெல்ட் கிடையாது, ரப்பர் சக்கரம் கிடையாது, மோட்டாரின் அச்சிலேயே தட்டு உட்கார்ந்திருக்கும். டெக்னிக்ஸ் 1970இல் எஸ்.பி.10 என்று கொண்டுவந்த டைரக்ட் டிரைவ் வழி அது. முதல் 1200 வந்தது 1972இல், வேகத்தை நிலையாக வைக்கும் குவார்ட்ஸ் படிகத்தோடு எம்.கே.2 வந்தது 1979இல். 2010இல் தயாரிப்பை நிறுத்தி, கேட்டவர்கள் விடாததால் 2016இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

'கதகதப்பு' பற்றி: நான் பார்த்த வீடுகளில் பாதியில் அது தேய்ந்த முள். மேல் ஸ்தாயி மழுங்கினால் எல்லாமே கதகதப்புதான்.

வால்வு_ரசிகன் | ஞாயிறு, காலை 7:05

என் முள்ளுக்கு ஆறு மாதம்தான் ஆகிறது.

குவார்ட்ஸ் | ஞாயிறு, காலை 7:09

உங்களைச் சொல்லவில்லை தம்பி. காப்பி குடியுங்கள்.

ரீல்_மாமா | ஞாயிறு, காலை 8:30

இரண்டு பேரும் சண்டை போட்டு முடித்தாச்சா? உறையூர் தம்பி, நான் இருபது வருடம் சவுண்ட் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவன். கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டு போட்ட ஆள். ஒருத்தரும் உங்களிடம் முதல் கேள்வியைக் கேட்கவில்லை: தகரப் பெட்டியில் என்ன இருக்கிறது? 78 (நிமிடத்துக்கு 78 சுற்றுகிற பழைய வகை) எத்தனை, ஈ.பி. (45 சுற்றுகிற சின்னது) எத்தனை, எல்.பி. (33 சுற்றுகிற பெரியது) எத்தனை? அதைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினைப் பற்றிப் பேச வேண்டும்.

உங்கள் பெட்டி ஏன் முனகுகிறது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கால மலிவு ப்ளேயர்களில் பல கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ். உள்ளே ரோஷல் உப்பு என்று ஒரு படிகம், முள் அசைந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். பெயரே உப்பு. நம் ஊர் ஈரக்காற்றிலும் பரண் வெக்கையிலும் அது கரைந்து செத்துப்போகும். மெக்கானிக் சொன்னது சரி, அதை உயிர்ப்பிக்க முடியாது. பொருந்துகிற செராமிக் ஒன்று கிடைத்தால் மாற்றலாம்.

உறையூர்க்காரன் | ஞாயிறு, மாலை 5:20

மாமா, எண்ணிவிட்டேன். 78 மட்டும் 23. ஈ.பி. 41, பெரும்பாலும் சினிமாப் பாட்டு. எல்.பி. 14. 78களில் ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரம் இருக்கிறது, நாடகப் பாட்டு சில, லேபிள் அழிந்துபோனவை சில. நாலைந்தில் வெள்ளையாகப் பூஞ்சை.

டோன் ஆர்ம் (முள்ளைத் தாங்கும் கை) முனையில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது, ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்.பி. என்று போட்டிருக்கிறது. பாட்டியிடம் கேட்டால், "முள்ளைத் திருப்ப மறந்தால் உங்க தாத்தா வீட்டையே ரெண்டாக்கிடுவார்" என்கிறார்.

ரீல்_மாமா | ஞாயிறு, இரவு 8:10

தாத்தா விவரமான ஆள். 78இன் பள்ளம் அகலம். அதற்கான முள்ளின் முனை ஆரம் சுமார் 75 மைக்ரான். 1948இல் எல்.பி. வந்தபோது பள்ளம் மிகவும் குறுகிவிட்டது, அதற்கு 18 முதல் 25 மைக்ரான் வரை முள். எல்.பி. முள்ளை 78இல் வைத்தால் அது சுவரில் உட்காராமல் அடியில் கிடக்கும் அழுக்கில் உருண்டுகொண்டு போகும். வறுகடலை சத்தம்தான் கேட்கும். 78 முள்ளை எல்.பி.யில் வைத்தால் ரெக்கார்டு காலி. அதனால்தான் திருப்புகிற முள்.

ஆக உங்களுக்கு 78 சுற்றுகிற மெஷின் வேண்டும், அதற்குத் தனி முள்ளும் வேண்டும். இங்கேதான் பழசு, புதுசு எல்லாம் அடிபடும். குவார்ட்ஸ் தம்பி தலையில் வைத்துக் கொண்டாடுகிற எம்.கே.2வில் 33, 45 மட்டும்தான். 78 கிடையாது!

குவார்ட்ஸ் | ஞாயிறு, இரவு 8:25

ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் 78 ரெக்கார்டு ஒன்றுகூட இல்லை, அதனால் தோன்றவே இல்லை. 2019இல் வந்த எம்.கே.7இல் 78 உண்டு, ஆனால் அது இவர் பட்ஜெட்டில் வராது.

வால்வு_ரசிகன் | ஞாயிறு, இரவு 8:31

கேரர்ட் 401இல் 78 உண்டு 🙂

ரீல்_மாமா | ஞாயிறு, இரவு 8:44

உண்டு. கேரர்ட் 301, தோரன்ஸ் டி.டி.124 எல்லாவற்றிலும் உண்டு, அவை பிறந்த காலம் அப்படி. ஆனால் தம்பி, உன் 401க்கு மரச்சட்டம் தனியாகச் செய்தாய், டோன் ஆர்ம் தனியாக வாங்கினாய், ரப்பர் சக்கரத்தை வெளியூருக்கு அனுப்பி மறுபடி கடைந்து வாங்கினாய். போன வருடம் முழுக்க நீ போட்ட இழைகளை நான் படித்தேன். 40,000 ரூபாயை வைத்திருப்பவரிடம் அதைச் சொல்லாதே. ரப்பர் சக்கரத்தில் ஒரு இடம் தட்டையானாலே போதும், ஒவ்வொரு சுற்றுக்கும் 'தொம் தொம்' என்று அடியில் கேட்கும்.

நல்லூர்_பெரியப்பா | திங்கள், காலை 6:15

தம்பிமாருக்கு வணக்கம். நான் முப்பது வருடம் கனடாவில் இருந்துவிட்டு இப்போது யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்திருக்கிறேன். வெளிநாட்டில் இருந்து பழைய ப்ளேயர் எடுப்பிக்க நினைப்பவர்களுக்கு என் கதை உதவும்.

டொரண்டோவில் ஒரு வீட்டு வாசல் விற்பனையில் டூயல் 1019 ஒன்று வாங்கினேன். ஜெர்மன் சாமான், 16, 33, 45, 78 நான்கும் சுற்றும். அங்கே அருமையாகப் பாடியது. இங்கே வந்ததும் 110 வோல்ட்டுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் பூட்டினேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். நான் பாட்டுக் கேட்கிறவன், பாட்டுப் படித்தவன் இல்லை. ஆள் கொஞ்சம் சோர்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. வெக்கைக்கு எனக்குத்தான் அப்படிக் கேட்கிறது என்று இரண்டு மாதம் விட்டுவிட்டேன். பிறகு சங்கீத ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஐந்து கட்டையில் பாடுகிறவர், மூன்று கட்டையில் பாடுகிறாரே?" என்று கேட்டார்.

கட்டை என்றால் சுருதியின் உயரம், எண் குறைந்தால் சுருதி தாழ்ந்தது என்று அர்த்தம். காரணம் பிறகுதான் விளங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைத்தான் மாற்றும். அலைவெண்ணை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மோட்டார் கரண்டின் அலைவெண்ணைப் பார்த்துத்தான் ஓடுகிறது. ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிட்டது. வேகத்தைக் கூட்டுகிற திருகு இருந்தாலும் அது அவ்வளவு தூரம் போகாது. கடைசியில் 50 ஹெர்ட்ஸுக்கான பித்தளைப் புல்லி ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினேன். விரல் நுனி அளவுச் சாமான், அது வந்து சேர நான்கு மாதம்.

தம்பூரா (கும்பகோணம்) | திங்கள், காலை 9:30

பெரியப்பா கதை பிரமாதம். கணக்கும் சரிதான், ஆறில் ஒரு பங்கு குறைந்தால் மூன்று ஸ்வரஸ்தானத்துக்குச் சற்று மேலேயே இறங்கும். ஐந்திலிருந்து நாலரை, நான்கு, மூன்று கட்டை.

நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவள். ரெக்கார்டு ப்ளேயர் வாங்கப் போகிற எல்லோருக்கும் ஒன்று சொல்வேன்: டிரம்ஸும் கிடாரும் போட்டுச் சோதிக்காதீர்கள். தம்பூராவோ நாதஸ்வரமோ போட்டுப் பாருங்கள். நீளமாக நிற்கிற ஒரு ஸ்வரம்தான் தட்டின் வேகம் ஆடுவதைக் காட்டிக்கொடுக்கும். கடையில் கேட்டால் வேக ஆட்டம் இத்தனை சதவீதம் என்பார்கள். அதெல்லாம் தேவையில்லை. ஒத்து ஊதுகிறவர் மூச்சு நடுங்குவது போலக் கேட்டால் மெஷின் சரியில்லை. என் அனுபவத்தில் நன்றாகப் பராமரித்த பழையதும் நிற்கும், சுமாரான புதியதும் நிற்கும். பெல்ட் தளர்ந்த மெஷின் எந்தக் காலத்தது ஆனாலும் நிற்காது.

குவார்ட்ஸ் | திங்கள், காலை 9:52

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. இதோடு மின்சார விஷயம் ஒன்று. பழைய மலிவு ப்ளேயர்களின் இண்டக்‌ஷன் மோட்டார், மாலையில் வோல்ட்டேஜ் இறங்கினால் தானும் கொஞ்சம் சோரும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடினால் உறுமும், சூடாகும். இன்றைய டி.சி. மோட்டார் அடாப்டரில் ஓடுவதால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்தாலும் அதற்குத் தெரியாது. நம் ஊர் வீட்டுக்கு இது பெரிய வசதி.

பின்வரிசை | திங்கள், பகல் 1:15

நானும் இதே குழப்பத்தில் இருக்கிறேன். இழையைப் பின்தொடர்கிறேன்.

உறையூர்க்காரன் | திங்கள், இரவு 9:05

எல்லோருக்கும் நன்றி. ஆன்லைனில் ஒரு எழுபதுகளின் ஜப்பான் டர்ன்டேபிள் பார்த்தேன், 18,000 சொல்கிறார். "வொர்க்கிங் கண்டிஷன், முள் மட்டும் மாற்ற வேண்டும்" என்று போட்டிருக்கிறார். கூரியரில் அனுப்புவாராம்.

ரீல்_மாமா | திங்கள், இரவு 9:20

100 வோல்ட்டா என்று கேளுங்கள், ஜப்பான் சாமான் பலவும் அப்படித்தான். 78 உண்டா என்று கேளுங்கள். தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி, டோன் ஆர்மைக் கட்டி, பின்னால் இருக்கும் எடையைக் கழற்றி அனுப்புவாரா என்று கேளுங்கள். தட்டோடு அப்படியே அனுப்பினால் வழியில் விழுகிற ஒவ்வொரு குத்தும் நடு அச்சில்தான் இறங்கும். முள் மட்டும்தான் மாற்ற வேண்டும் என்றால், அவர் எப்படி ஓட்டிப் பார்த்தார் என்றும் கேளுங்கள்.

உறையூர்க்காரன் | செவ்வாய், காலை 10:40

முதல் கேள்விக்கே "சார் எனக்கு டெக்னிக்கல் தெரியாது" என்று பதில். விட்டுவிட்டேன்.

குவார்ட்ஸ் | செவ்வாய், காலை 11:00

அப்படியானால் நான் முதலில் சொன்னதைத் திருத்திச் சொல்கிறேன். 78 சுற்றுகிற மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். ரேகா ப்ளேனர் 1 அருமையான டர்ன்டேபிள், ஆனால் 78 இல்லை, 45க்கே பெல்ட்டைக் கையால் மாற்ற வேண்டும். எல்.பி.யோடு ஈ.பி. 41 வைத்திருப்பவருக்கு அது தலைவலி, ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும் ஒவ்வொரு தரமும் பெல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆடியோ டெக்னிகா எல்.பி.120 எக்ஸ் பாருங்கள். டைரக்ட் டிரைவ், மூன்று வேகமும் பொத்தானில், வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கப் பிட்ச் ஸ்லைடரும் உண்டு. கூட வருகிற கார்ட்ரிட்ஜ் வி.எம்.95 குடும்பம். அதில் முள்ளை மட்டும் உருவி வேறு முள் செருகலாம், 78க்கென்றே ஒரு முள் தனியாக விற்கிறார்கள். தாத்தா நெம்புகோலைத் திருப்பினார், நீங்கள் முள்ளை உருவிச் செருகப் போகிறீர்கள்.

வால்வு_ரசிகன் | செவ்வாய், பகல் 12:30

என் மனசு ஒப்பவில்லை, ஆனால் இவருக்கு இது சரி. எனக்கு ரிப்பேர் செய்வதே பொழுதுபோக்கு, பாட்டு அப்புறம்தான். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ரீல்_மாமா | செவ்வாய், மாலை 4:45

அடேங்கப்பா, சமாதானம்! சரி, உறையூர் தம்பி, மெஷின் வருவதற்குள் ரெக்கார்டைக் கழுவ ஆரம்பித்துவிடாதீர்கள். எல்.பி.யை ஸ்பிரிட் கொஞ்சம் கலந்த தண்ணீரில் துடைக்கலாம், அது வினைல். 78 அரக்கு. நம் நாட்டு மரங்களில் பூச்சி சுரக்கும் அதே அரக்குதான், பெரும்பாலும் இங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போனது. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். தச்சர் அரக்கைக் கரைத்து மரத்துக்கு மெருகு போடுவது எதில் என்று நினைக்கிறீர்கள்? 78க்கு டிஸ்டில்ட் வாட்டர், துளி சோப்பு, மெல்லிய துணி. லேபிளில் ஈரம் படக்கூடாது, நிழலில் உலர்த்துங்கள்.

இன்னொன்று. ஆம்பில் 'மோனோ' பொத்தான் இருந்தால் 78 போடும்போது அழுத்துங்கள். 78இல் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. முள் மேலும் கீழும் குதிப்பதெல்லாம் அழுக்கு, கீறல். மோனோவில் அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பாதி பொரியல் சத்தம் அங்கேயே குறையும். ட்ரெபிளும் பாஸும் கொஞ்சம் மாறிக் கேட்டால் பயப்பட வேண்டாம். போனோ இன்புட் 1954 வாக்கில் எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுக்குச் செய்தது. அதற்கு முந்தைய ரெக்கார்டுகளில் கம்பெனிக்கு ஒரு கணக்கு. காதுக்கு ஏற்றபடி திருகிக்கொள்ளுங்கள்.

உறையூர்க்காரன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11:10

வாங்கிவிட்டேன். குவார்ட்ஸ் அண்ணா சொன்ன மாடல்தான், 78 முள்ளும் தனியாக. முதலில் எல்.பி. போட்டோம், நன்றாக இருந்தது. மகள் ஹாலில் குதித்தபோது முள் ஒரு தடவை தாவியது. மேஜையை மாற்றி, சுவரோரம் இருந்த கடப்பைக் கல் அலமாரியில் வைத்தேன், இப்போது எவ்வளவு குதித்தாலும் அசையவில்லை.

பிரச்சினை 78இல். சத்தம் அவ்வளவு தெளிவு, மோனோ பொத்தான் மாயம்தான் மாமா. ஆனால் ஒரு நாடகப் பாட்டைப் போட்டதும் பாட்டி முகம் சுளித்தார். "இது அவர் குரலே இல்ல. இப்படி கீச்சுன்னு பாட மாட்டார்" என்கிறார். வேகத்தைச் சரிபார்த்தேன், போன் செயலி சரியாக 78 காட்டுகிறது. தாத்தா பெட்டியில் ஒரு காகிதக் குறி ஒட்டி எண்ணிப் பார்த்தேன். 78 என்று வைத்தால் அது நிமிடத்துக்கு 75தான் சுற்றுகிறது!

குவார்ட்ஸ் | ஞாயிறு, காலை 11:25

அப்படியானால் பாட்டி நாற்பது ஐம்பது வருடமாக 4 சதவீதம் தாழ்வாகக் கேட்டுப் பழகியிருக்கிறார். புதியதுதான் சரி.

ரீல்_மாமா | ஞாயிறு, மதியம் 2:00

அவசரப்படாதே தம்பி. '78' என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட பெயர். அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் அறையில் மெஷின் 75இலும் ஓடும், 80இலும் ஓடும். பாட்டி சொல்வதே சரியாக இருக்கலாம்.

தம்பூரா | ஞாயிறு, மதியம் 3:15

பாட்டில் ஹார்மோனியம் இருக்கிறதா? நாடகப் பாட்டென்றால் இருக்கும். பாடகர் எந்தச் சுருதியிலும் பாடலாம், ஹார்மோனியம் கட்டையை விட்டு நகராது. அரை நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள்.

தம்பூரா | ஞாயிறு, இரவு 7:50

கேட்டேன். உங்கள் 78இல் சுருதி நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில், ஐந்தை ஒட்டி நிற்கிறது. ஏறக்குறைய 2 சதவீதம் கூட்டினால் ஐந்து கட்டை. 4 சதவீதம் குறைத்தால் நாலரைக் கட்டை. இரண்டுமே ஹார்மோனியத்துக்குப் பொருந்தும். அந்த ஹார்மோனியத்தையே எப்படிச் சுருதி சேர்த்திருந்தார்களோ, அது வேறு. மெஷினை வைத்து இதைத் தீர்க்க முடியாது.

உறையூர்க்காரன் | திங்கள், காலை 7:30

நேற்று இரவு பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஸ்லைடரை மெதுவாகக் கீழே இறக்கினேன். மூன்றைத் தாண்டியதும் கையைத் தூக்கினார். "ஆங், நிறுத்து, இதுதான் அவர்." பாட்டியின் ஓட்டு நாலரைக் கட்டைக்கு. அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.